ராக்கு அக்கா எழுதச் சொன்னது

செய்தி முதலில் எங்கள் அய்யாவிடம்தான் வந்தது. சிக்கல் கடைத்தெருவில் மிளகாய் மூட்டைகளை வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தவரிடம், மாரியூரிலிருந்து வந்த மினிபஸ் ஓட்டுநர் இறங்கி நின்று சொல்லியிருக்கிறார். அய்யா வீட்டுக்கு வந்து சைக்கிளைச் சுவரில் சாய்த்துவிட்டு, உள்ளே வராமல் வாசலிலேயே நின்றார்.

"அந்தக் கடக்கரைப் பொண்ணு போயிருச்சாம்த்தா."

எனக்குப் புரிந்துவிட்டது. புரிந்த பிறகும், "எந்தப் பொண்ணுய்யா?" என்று கேட்டேன்.

"கடல்லயா?" என்று அம்மா உள்ளேயிருந்து கேட்டார்.

"கடல்லதான் இருக்கும். வேற எங்கன இருக்கப் போகுது," என்றார் அய்யா.

மறுநாள் சாயல்குடி பேருந்து நிறுத்தத்தில் ஒரு ஃப்ளெக்ஸ் பேனர் கட்டியிருந்தார்கள். கடலைக் காத்தவர் கடலிலேயே கலந்தார் என்று அதில் எழுதியிருந்தது. பள்ளியின் காலை வணக்கத்திலும் அதையே சொல்லி ஒரு நிமிடம் மௌனமாக நின்றோம். நானும் கண்களை மூடிக்கொண்டு, நீருக்கடியில் அக்காவின் தலைமுடி மிதப்பதை நினைத்து அழுதேன்.

அன்று மாலை மாரியூர் போன பிறகுதான் தெரிந்தது, அக்கா கடலில் சாகவில்லை. இராமநாதபுரத்தில், மருத்துவமனைக் கட்டிலில், மஞ்சள் காமாலையில் இறந்தார். பள்ளி ஆண்டு மலருக்கு அவரைப் பற்றி எழுதச் சொன்னபோது முதலில் இதைத்தான் எழுத வேண்டும் என்று தீர்மானித்தேன். ஏன் என்பதை, அவரை அறிந்த நீங்கள் கடைசியில் புரிந்துகொள்வீர்கள் என்று நம்புகிறேன்.

அவருடைய முழுப் பெயர் ராக்கம்மாள். வயது முப்பத்தாறு. பாசி எடுப்பது தொழில். விரல்களில் துணி சுற்றி, காலில் துடுப்பு போலத் தகரத் தட்டைக் கட்டிக்கொண்டு, ஒரே மூச்சில் மூழ்கிக் கடற்பாசி பறிக்கும் பெண்கள் மாரியூரில் நிறையப் பேர் இருக்கிறார்கள். அவர்களில் ஒருவர். பள்ளிக்கூடம் போனதில்லை. சுனாமி வந்து மூன்றாம் ஆண்டு, தூத்துக்குடியிலிருந்து தாமஸ் சார் ஒரு ஜீப்பில் காற்று உருளைகளை ஏற்றிக்கொண்டு மாரியூர் வந்தார். கப்பற்படையில் முக்குளிப்பவராக இருந்து ஓய்வு பெற்றவர். கடலுக்கடியில் இருக்கிற பாறைத் தொடரை நம் கரையில் பார் என்கிறோம். அந்தப் பாரில் சிக்கிக் கிடக்கும் வலைகளையும் குப்பைகளையும் எடுத்து, எங்கே எது எவ்வளவு கிடந்தது என்று குறித்து வைப்பது அவருடைய எண்ணம். அதற்கு இந்தப் பாரை அறிந்த ஒருவர் வேண்டும் என்று கேட்டார். ஆண்கள் யாரும் முன்வரவில்லை. ராக்கு அக்கா போனார்.

முதல் நாள் நடந்ததைத் தாமஸ் சார் எத்தனை முறை சொன்னாலும் அக்காவும் சேர்ந்து சிரிப்பார். முதுகில் உருளையைக் கட்டி, வாயில் குழாயைக் கொடுத்து, ஆழம் குறைந்த இடத்தில் இறக்கியிருக்கிறார் சார். அக்கா கீழே போய், கொஞ்ச நேரம் சுற்றிப் பார்த்துவிட்டு மேலே வந்தார். உருளையில் காற்று அப்படியே இருந்தது. குழாயை வாயில் வைத்துக்கொண்டே, பழக்கத்தில், மூச்சை அடக்கிக்கொண்டு போய் வந்திருக்கிறார். இந்தக் கருவியோடு மூச்சை அடக்கிக்கொண்டு மேலே வந்தால் நுரையீரல் கிழிந்துவிடும் என்று சார் சத்தம் போட்டார்.

"தண்ணிக்குள்ள மூச்சு விடக் கூடாதுன்னு எங்காத்தா சொல்லிச் சொல்லி வளத்தா சார். நீங்க வந்து விடு விடுங்குறீங்க. நான் யார் சொல்றதக் கேக்குறது?" என்றாராம் அக்கா.

அந்த உருளையை முதுகில் சுமந்து கரையில் நடக்கும்போதெல்லாம் மற்றப் பெண்கள் விடமாட்டார்கள். "ஏ ராக்கு, எங்க வீட்லயும் கேஸு தீந்துருச்சு, ஒண்ணு எறக்கிட்டுப் போ" என்பார்கள். "புக் பண்ணிருக்கியா?" என்று கேட்டுவிட்டு அக்கா நடந்துகொண்டே இருப்பார்.

நான் அவர்களோடு சேர்ந்ததற்கு என் கையெழுத்துதான் காரணம். பதிவேடு எழுத ஒரு மாணவி வேண்டும் என்று சார் கேட்க, அறிவியல் ஆசிரியை என்னை அனுப்பினார். பத்தாம் வகுப்பில் இருந்தேன். ஒரு ஞாயிறு விட்டு ஒரு ஞாயிறு மினிபஸ்ஸில் போவேன். எனக்கு நீந்தத் தெரியாது. வத்தை என்கிற சிறு படகில், மடியில் நீள நோட்டை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். "சிக்கல்காரிக்குக் கடல்ல என்ன வேலை? மொளகாச் செடி உப்புத் தண்ணில வளராதே," என்று முதல் நாள் அக்கா கேட்டார். பிறகு தன் துண்டை எடுத்து என் தலையில் போட்டார்.

அக்கா நீருக்கடியில் ஒரு வெள்ளைப் பலகையும் பென்சிலும் வைத்திருப்பார். எழுத்து தெரியாததால் எல்லாவற்றுக்கும் ஓர் அடையாளம். பாட்டிலுக்கு நேர்கோடு, பைக்குச் சுழி, வலைக்குக் குறுக்குக் கோடுகள். மேலே வந்து பலகையைப் பார்த்துச் சொல்வார், நான் எழுதுவேன். பொருள், எண்ணிக்கை, எத்தனை பாகம் ஆழம், எடுத்ததா விட்டதா. பாகம் என்றால் இரண்டு கைகளையும் விரித்த நீளம். சார் கொண்டு வந்திருந்த அச்சடித்த தாளில் இல்லாத ஒரு கட்டத்தை அக்கா கேட்டு வாங்கினார். அது 'யாருடையது' என்ற கட்டம்.

"குப்பைக்கு யாரு உரிமை கொண்டாடுவா?" என்று சார் கேட்டார்.

"வலைக்குக் கொண்டாடுவாக சார். அத்துப் போற வரைக்கும் என் வலைம்பாக. அத்துப் போனப்பறம் கடல் வலையா?"

நம் கரையில் ஒவ்வொரு குடும்பமும் வலையில் தனக்கென்று ஓர் அடையாளம் வைக்கிறது. மிதப்பு வெட்டும் விதம், நூலின் நிறம், முடிச்சு. மாரியூரில் இருந்த எல்லா அடையாளங்களும் அக்காவுக்குத் தெரியும்.

ஒரு நாள் பலகையில் ஒரு வட்டம் வரைந்து, அதன் மேல் ஒரு சிறு கோடு போட்டுக்கொண்டு வந்தார். கலயம் என்றார். வாயில் துணி கட்டிய மண் கலயம். மாரியூர்க் கடலில் அஸ்தி கரைக்க வெளியூர்களிலிருந்தும் வருவார்கள், உங்களுக்குத் தெரியும். குப்பைக் கணக்கில் இதை எப்படி எழுதுவது என்று எனக்குக் கூச்சமாக இருந்தது. விட்டுவிடலாமா அக்கா என்று கேட்டேன்.

"குப்பைன்னு யாரு சொன்னா? ஒருத்தரு கும்பிட்டு விட்டது. தொடக் கூடாது. ஆனா அங்கன கெடக்கா இல்லையா?"

"கிடக்கு."

"அப்பக் கெடக்குன்னு எழுது. எடுக்கலன்னு எழுது. யாருதுன்னு தெரியலன்னு எழுது. கண்ணுல கண்டத எழுதத்தானத்தா ஒன்னைய வச்சிருக்கு."

கலயம், ஒன்று, மூன்று பாகம், எடுக்கவில்லை, யாருடையது தெரியவில்லை என்று எழுதினேன். 'தெரியவில்லை' என்ற சொல்லை அந்தக் கட்டத்தில் நான் முதன்முதலாக எழுதியது அன்றுதான். அது உண்மையாகவும் இருந்தது. இரண்டாவது முறை எழுதியபோது அது பொய்.

இனி வருவதை எழுதத்தான் எனக்குத் தயக்கம். இதை விட்டுவிட்டு அக்காவைப் பற்றி எழுதினால் அவருடைய படம் மட்டுமே மிஞ்சும் என்பதால் எழுதுகிறேன்.

அந்த ஆண்டு ஆடிக் காற்று ஓய்ந்த பிறகு முதல் முறையாகப் பாருக்குப் போனோம். அக்கா மேலே வந்தபோது பலகையில் ஒன்றுமே இல்லை. வத்தையின் விளிம்பைப் பிடித்தபடி கொஞ்ச நேரம் மிதந்தார். பிறகு தாமஸ் சாரும் அவரும் சேர்ந்து ஒரு நண்டு வலையை மேலே தூக்கினார்கள். அதற்குள் ஒரு பேராமை செத்துக் கிடந்தது. வலையில் நீல ரப்பர் செருப்பை முக்கோணமாக வெட்டிய மிதப்புகள், மஞ்சள் நூலால் கட்டப்பட்டிருந்தன.

"எழுது," என்றார் அக்கா. "நண்டு வலை, ஒண்ணு. நாலு பாகம். எடுத்தாச்சு. ஆமை ஒண்ணு, செத்தது. யாருது, குமரவேலுது. மிதப்பு நான் வெட்டுனது."

குமரவேல் அண்ணன் அக்காவின் கணவர். அந்த வலை கிழிந்துபோனதால் கரையில் போட்டு எரித்துவிட்டதாக வீட்டில் சொல்லியிருந்தார் என்று பிறகு தெரிந்தது. ஆமை செத்த வலைக்குச் சொந்தக்காரர் பெயரை எழுதினால் வனத்துறை வழக்குப் போடுமே என்று எனக்குப் பயம். அக்கா முக்குளிக்கும் கண்ணாடியைக் கழற்றி வத்தைக்குள் எறிந்தார். அவர் கோபத்தில் சொல்கிறார், நாளைக்கு வருந்துவார், நாம்தான் காப்பாற்ற வேண்டும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். 'யாருடையது' என்ற கட்டத்தில், அழகான கையெழுத்தில், 'தெரியவில்லை' என்று எழுதினேன்.

"எழுதிட்டியா?" என்று கேட்டார்.

"எழுதிட்டேன்க்கா."

அவருக்கு வாசிக்கத் தெரியாது. தாமஸ் சார் ஆமையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அடுத்த வாரம் மீன் ஏலக் கூடத்தில் ஊர்க் கூட்டம். காற்றில் வலை அறுந்து போனால் அன்றே சொல்லிவிட வேண்டும், முக்குளித்து எடுத்துக் கொடுக்கிறோம், யாரையும் குற்றம் சொல்ல மாட்டோம் என்பது அக்காவின் கோரிக்கை. நாள் கணக்கில் பாரில் கிடக்கும் வலை, யாருக்கும் இல்லாமல் மீனையும் நண்டையும் கொன்றுகொண்டே இருக்கிறது, பாசியையும் மூடுகிறது. இரண்டு ஆண்டுகளாக இதைச் சொல்லிச் சொல்லி அன்றுதான் ஊர் கேட்பதற்கு உட்கார்ந்தது. என்னையும் நோட்டோடு வரச் சொல்லியிருந்தார்.

சண்முகம் என்பவர் எழுந்தார். அவருடைய வலைகள் இரண்டு முறை பெயரோடு எங்கள் பதிவேட்டில் ஏறியிருந்தன.

"எங்க வலையெல்லாம் பேரு போட்டு எழுதுறியே ராக்கு, ஒன் புருசன் வலையும் அங்கன கெடந்துச்சாமே. அதுக்கும் பேரு உண்டா, இல்ல அது மட்டும் அனாதையா?"

ஆண்கள் சிரித்தார்கள். குமரவேல் அண்ணன் பின்வரிசையில் தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தார்.

"எழுதிருக்கு," என்றார் அக்கா. "வாசி புள்ள."

நான் எழுந்து நின்றேன். கண்ணுக்கு முன்னால் என் கையெழுத்து. அக்கா சொன்னதை வாசிக்கலாம், தாளில் இருக்காது. தாளில் இருப்பதை வாசிக்கலாம். அக்கா சொன்னதாக இருக்காது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஊர்த் தலைவர் எழுத்துத் தெரிந்தவர். நோட்டை எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். "யாருடையது, தெரியவில்லை," என்று வாசித்தேன்.

இந்த முறை யாரும் சிரிக்கவில்லை. அதுதான் மோசம். அக்கா என்னை ஒரே ஒரு முறை பார்த்தார். பிறகு கூட்டத்தைப் பார்த்து, "நான் சொன்னது அது இல்ல," என்றார். தாளில் இல்லாததை வாயால் சொன்னால் அங்கே யார் நம்பப் போகிறார்கள்? சண்முகம் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "பெறகு என்ன பேச்சு, எந்திரிங்கப்பா," என்றார். ஊர் எழுந்து போய்விட்டது.

மூன்று முறை நான் மாரியூருக்குப் போகவில்லை. தேர்வு என்று சொல்லி அனுப்பினேன். நான்காவது முறை, அய்யாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டு, அவரே மினிபஸ்ஸில் ஏற்றிவிட, போனேன். அக்கா வீட்டு முன்னால் பாசியைக் காயப் போட்டுக்கொண்டிருந்தார்.

"பரீச்சை முடிஞ்சுருச்சா?"

"பரீச்சையே இல்லக்கா."

"தெரியும்."

வழக்கு வரும் என்று பயந்து மறைத்தேன், உங்களுக்காகத்தான் அக்கா என்றேன். அவர் பாசியைத் திருப்பிப் போட்டுக்கொண்டே இருந்தார்.

"நான் படிக்காதவ. ஒன் கைய நம்பித்தான் என் வாயில இருந்து வார்த்தைய எறக்கி வச்சேன். எனக்காக மறைச்சேங்குற. நாளைக்கு ஒனக்காகவும் மறைப்ப. அப்ப அந்த நோட்டு என்னத்துக்கு? அதையும் கடல்ல போட்டுட்டு அதுக்கு ஒரு கணக்கு எழுதலாம்."

அந்தப் பக்கத்தைக் கிழித்துவிட்டுச் சரியாக எழுதித் தருகிறேன் என்றேன்.

"கிழிக்காத. கிழிச்சா ரெண்டு பொய்யாயிரும். ஒரு கோடு போடு, கீழ இருக்குறது தெரியணும். பக்கத்துல சரியா எழுது. தப்பா எழுதுனது யாருன்னும் எழுது."

அப்படியே செய்தேன். 'தெரியவில்லை' என்பதன் மேல் ஒரே ஒரு கோடு. பக்கத்தில் 'குமரவேல், மாரியூர்'. அதன் கீழே, 'தெரிந்தே தவறாக எழுதியது நான்' என்று என் கையெழுத்து.

அந்த வாரமே, ஏலம் முடிந்து ஆட்கள் கலையும் முன், அக்கா என்னைக் கூடத்தின் நடுவில் நிறுத்தினார். அடித்ததையும் வாசித்தேன், திருத்தியதையும் வாசித்தேன், என் பெயரையும் வாசித்தேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. "சத்தமா வாசி தாயி, மீனு வாங்க வந்தவுகளுக்கும் கேக்கட்டும்," என்றார் ஒரு கிழவர். மறுபடியும் வாசித்தேன். முடித்தபோது குமரவேல் அண்ணன் எழுந்தார்.

"என் வலைதான். காத்துல அத்துப் போச்சு. எரிச்சுட்டேன்னு இவகிட்டயே பொய் சொன்னேன். அன்னைக்கு இந்தப் புள்ள வாசிக்கையில நான் எந்திரிச்சிருக்கணும். எந்திரிக்கல."

சண்முகம் கூடத்தின் ஓரம் வரை நடந்து போய்த் திரும்பினார். பிறகு, "போன மாசம் எனக்கும் ஒண்ணு போச்சு. தெக்குப் பாரு, கல்லுக் குழிப் பக்கம். எழுதிக்கோ," என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஊர் முழுவதும் அன்றே மாறிவிட்டது என்று எழுதினால் அக்கா ஏற்கமாட்டார். மூன்று வத்தைக்காரர்கள்தான் சொல்லத் தொடங்கினார்கள். பிறகு ஏழு பேர். இன்றும் சொல்லாதவர்கள் இருக்கிறார்கள். வனத்துறையிலிருந்து ஒருவர் வந்து கேட்டபோது குமரவேல் அண்ணன் நடந்ததைச் சொன்னார். எழுதிக்கொண்டு போனார்கள். வழக்கு ஏதும் வரவில்லை. ஆனால் வராது என்று தெரியாத அந்தச் சில மாதங்கள் அந்த வீட்டில் யாரும் சரியாகத் தூங்கவில்லை என்பதும் உண்மை. அப்போதும் அக்கா என்னைக் குறை சொல்லவில்லை, எழுதியது தப்பு என்றும் சொல்லவில்லை.

இப்போது அவருடைய முடிவைப் பற்றி. கருமாதி முடிந்த பிறகு, ஆண்டு மலருக்கு எழுதப் போகிறேன் என்று குமரவேல் அண்ணனிடம் சொன்னேன். பேனரில் அப்படி எழுதியது யார் அண்ணே என்று கேட்டேன்.

"பயலுக ஆசையில போட்டுட்டானுக. கடல்ல போனான்னாத்தான் அவளுக்குப் பெருமைன்னு நெனச்சானுக. நீ சரியா எழுது." பிறகு அவரே சொன்னார்: "இருபது நாளா கண்ணு மஞ்சளா இருந்துருக்கு. முக்குளிக்குற கண்ணாடியப் போட்டுட்டுப் போயிருவா, யாருக்கும் தெரியாது. பச்சிலை அரைச்சுக் குடிச்சிருக்கா. காச்சலோட ரெண்டு தடவை கடல்ல எறங்கிருக்கா. என்கிட்டச் சொல்லல. சொன்னா எறங்க விட மாட்டேன்னு மறைச்சுட்டா. அதையும் எழுதிக்க."

"அதையுமாண்ணே?"

"அதையுந்தான். எங்க எல்லாரு பேரையும் எழுதச் சொன்னவ."

எழுதிவிட்டேன், அக்கா. உங்களைப் பற்றிய இந்த ஒரு வரியை விட்டுவிட எனக்கு எவ்வளவு ஆசையாக இருந்தது என்று உங்களுக்குத் தெரியும்.

அஸ்தியைப் பாருக்கு நேரே விட்டார்கள். நான் கரையில் நின்றேன். கலயத்தின் வாயைக் கட்ட அண்ணன் பழக்கத்தில் மஞ்சள் நைலான் நூலை எடுத்தார். இரண்டு சுற்று சுற்றிவிட்டு நிறுத்தினார். "நைலானக் கட்டுனா திட்டுவா," என்று அவிழ்த்தார். அக்கா முக்குளிக்கும்போது சேலைக்கு மேல் போட்டுக்கொள்ளும் கட்டம் போட்ட சட்டையிலிருந்து ஒரு துண்டு கிழித்து அதனால் கட்டினார்.

போன ஞாயிற்றுக்கிழமை தாமஸ் சார் மட்டும் இறங்கினார். வத்தையில் நானும் குமரவேல் அண்ணனும் இருந்தோம். சார் எப்போதும் பலகையில் ஆங்கிலத்தில்தான் எழுதுவார். அன்று மேலே வந்து பலகையை என்னிடம் நீட்டினார். அதில் அக்காவின் அடையாளம் இருந்தது. ஒரு வட்டம், மேலே ஒரு சிறு கோடு. பக்கத்தில், அந்தச் சட்டைத் துணியில் இருந்த மாதிரிச் சின்னச் சின்னக் கட்டங்கள்.

அக்காவிடமிருந்து நான் வைத்துக்கொண்டவை இரண்டு. ஒன்று, நீலச் செருப்பில் வெட்டிய ஒரு மிதப்பு. என் பென்சில் பெட்டியில் இருக்கிறது. இன்னொன்று, தப்பாக எழுதியதைக் கிழிக்காமல், கீழே இருப்பது தெரியும்படி ஒரே ஒரு கோடு போடுகிற பழக்கம். என் பள்ளி நோட்டுகளில் இப்போது அப்படிப்பட்ட கோடுகள் நிறைய இருக்கின்றன. ஆசிரியைகளுக்குப் பிடிப்பதில்லை.

போன ஞாயிறு வத்தையில் எழுதிய பதிவேட்டுப் பக்கத்தில் மட்டும் கோடு எதுவும் இல்லை. அண்ணன் பார்த்துக்கொண்டிருக்க, நிதானமாக எழுதினேன்.

கலயம். ஒன்று. நான்கு பாகம். எடுக்கவில்லை.

யாருடையது: ராக்கம்மாள், மாரியூர்.